அவர் தாழ்த்திய சிவப்புக் கோடு

டோர்ட்மண்ட் நகருக்கு வெளியே, சின்ன விமானங்கள் இறங்கும் திடலில் அவரைச் சந்தித்தேன். பெட்டிகளில் வந்த பாகங்களைப் பொருத்தி, ஒன்பது வருடமாகத் தானே ஒரு விமானம் செய்தவர். மெலிந்த, களைத்த மனிதர். பேசும்போதும் இறக்கையை விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்று, கார் திருத்தும் கராஜ் மூன்று போட்டவன். அவருடைய விமானத்தின் வேகமானியில், தாண்டக்கூடாத வேகத்தின் சிவப்புக் கோடு மணிக்கு 240 கிலோமீட்டரில் இருந்தது.

“பெட்டியோட வந்த புத்தகத்தில 270 எண்டு கிடக்கு. பயமோ? நானெண்டால் பறந்து காட்டுவன்,” என்றேன்.

“அண்ணை, புத்தகம் எழுதினவர் இந்த இறக்கையை ஒட்டேல்லை. நான்தான் ஒட்டினனான். ரெண்டு வேலை முடிச்சு வந்து, அரை நித்திரையில. அதுதான் கோட்டை 240க்கு இறக்கினனான். ஓடுறதும் இருநூறிலதான்.”

என் காருக்கு பிரேக் பூட்டியதும் நான்தான். அன்று எவ்வளவு களைத்திருந்தேன் என்பது நினைவில்லை. வீடு வரும்வரை ஒன்றையும் முந்தாமல், லொறிகளுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினேன்.