சானிடைசர் கையும் கேஸ் அடுப்பும்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸ். கொரோனா வார்டில் தொடர்ந்து டபுள் டூட்டி பார்த்த காலம் அது. அன்று காலை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, டீ வைக்கப் போனேன். வார்டில் எதைத் தொடும் முன்பும் சானிடைசர் தேய்த்துக்கொள்வோம். அதே பழக்கத்தில், அடுப்பு மேடையில் இருந்த பாட்டிலை அழுத்திக் கை நிறையத் தேய்த்தேன். ஈரம் காயும் முன்பே லைட்டரை அமுக்கிவிட்டேன்.

குப்பென்று வலது கையில் நீலமாகத் தீப்பிடித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ ஒரு பேஷண்டின் கை எரிவது போலத்தான் இருந்தது.

என் கணவர் ஓடிவந்து ஈரத்துண்டைச் சுற்றி அணைத்தார்.

"ஏன் அம்மணி, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? நான் பக்கத்துலதான இருந்தேன்!"

"கத்தோணும்னே தோணலைங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நாளாக வார்டில் யார் இறந்தாலும் எனக்கு அழுகை வரவில்லை. அதைத் தைரியம் என்றே நினைத்திருந்தேன்.

விரலோரம் ஒரு தழும்போடு தப்பித்தேன். லீவு சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பார்த்தேன். சானிடைசர் இப்போது வாசலோடு சரி, அடுப்படிக்கு வராது.

இன்று எங்கள் வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். டூட்டியில் அழுகிற நர்ஸ் பெண்ணை உட்காரவைத்து டீ வாங்கித் தருவேன். "எல்லாம் பழகிப்போச்சுங்க சிஸ்டர்" என்று சிரிக்கிற பெண்ணைப் பார்த்தால்தான் என் கை எரிகிறது.