கூண்டருகே நின்ற வக்கீல்

குண்டுவெடிப்பில் என் தம்பி செத்துப்போன வழக்கில் நானும் ஒரு சாட்சி. சாட்சி சொல்ல முறை வராத வாய்தாக்களுக்கும் அன்னூரிலிருந்து கோவை நீதிமன்றம் போய்விடுவேன். அங்கே என்னைப் பொறாமையில் வேகவைத்தவர், குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல்.

ஒல்லியான மனிதர். நரைத்த புருவம், விளிம்பு வெளுத்த கறுப்புக் கோட்டு. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கூண்டருகே போய், அதுவரை ஆங்கிலத்தில் பேசப்பட்டதையெல்லாம் அவனுக்குத் தமிழில் சொல்லுவார். "இந்தச் சட்டத்துல பெயில் லேசுல கெடைக்காதுங்க. மனசு உட்ராதீங்க. மாத்திரை சாப்புட்டீங்களா?"

அரசு வக்கீலோ வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிடுவார். செத்தவன் வீட்டாருக்கு எதையும் சொல்ல ஆளில்லை.

ஒருநாள் அந்த ஒல்லி வக்கீலை வராந்தாவில் மறித்தேன். "ஏனுங்க, குண்டு வெச்சவனுக்கு இத்தனை விளக்கமுங்களா? எனக்கு யாருங்க சொல்லுவாங்க?"

"வெச்சாருன்னு இன்னும் தீர்ப்பாகலீங்க" என்றார். "நீங்க சாட்சி. உங்ககிட்ட நான் தனியாப் பேசுனா, சாட்சியக் கலைச்சேன்னு ஆயிப்போயிருமுங்க." சற்றுத் தயங்கினார். "அடுத்த தடவை முன் பெஞ்சுல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அன்று அவர் கூண்டருகே வழக்கத்தைவிட உரக்கப் பேசினார். விசாரணை ஏன் தள்ளிப்போகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஆனால் அவர் முகம் கடைசிவரை அவன் பக்கமே இருந்தது. அந்த முகத்துக்காக அவன்மேல் இன்றும் பொறாமைப்படுகிறேன்.