ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்

சேவை கிளப்பில் அவருக்கு 'வாங்கண்ணே' என்று பெயர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, கூட்ட அரங்கின் வாசலில் கோட்டு மாட்டி நிற்பார். இருபது வயதுப் பையன் வந்தாலும் சரி, எழுபது வயதுப் பெரியவர் வந்தாலும் சரி, கையைப் பிடித்துக் குலுக்கி "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்றுதான் உள்ளே அனுப்புவார். பதினேழு வருடமாகப் புது உறுப்பினர்களை வரவேற்பது அவர் பொறுப்பு. மேடையில் அறிமுக அட்டையைப் படிப்பதும் அவரே, சட்டையில் பேட்ஜைக் குத்திவிடுவதும் அவரே. புதிதாகச் சேர்பவர் பெண்ணாக இருந்தால் அவர் மனைவி மேடையேறிக் குத்திவிடுவாள்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கிளப் நடத்தும் இலவசக் கண் முகாமுக்கு ஃப்ரேம் எல்லாம் அவர் கொடுப்பதுதான். விற்காமல் கிடப்பதாகப் பார்த்துக் கொடுப்பார். ரோஸ் நிற ஃப்ரேம் மாட்டிக்கொண்டு கிழவர்கள் திரிவதைப் பார்த்தால் முகாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். தொழிலை விட்டால் இடமும் போய்விடும். 'கௌரவ உறுப்பினர்' என்று சொல்லிப் பேட்ஜைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இந்த விதி அவருக்குக் கரும்பு. பிடிக்காதவர் யாராவது விண்ணப்பத்தோடு வந்தால், "அடடா, உங்க தொழிலுக்கு ஆள் இருக்காரேண்ணே" என்று உதட்டைப் பிதுக்குவார். அவர் கடைக் கவுண்டரில் ஒன்பது வருடம் வேலை பார்த்த பெண் ஒருநாள், "நானும் கிளப்ல சேரலாமா சார்?" என்று கேட்டுவிட்டாள். "கண்ணாடிக்குத்தான் நான் இருக்கேனேம்மா. நான் செத்தப்புறம் வா." இதையே நகைச்சுவையாக இரண்டு கூட்டங்களில் சொல்லிச் சிரித்தார். அடுத்த வருடம் அவள் வேலையை விட்டுப் பெரிய சாலையில் சொந்தமாகக் கடை போட்டாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

அவர் கடையை மூடி எட்டு மாதமாகிறது. மூடியதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலை ஒன்பதரைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, காலி அலமாரிகளுக்கு நடுவே செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பார். யாராவது டாக்டர் சீட்டோடு எட்டிப் பார்த்தால், "லென்ஸ் வரணும், அடுத்த வாரம் வாங்க" என்பார். கடை இருந்தால்தான் கிளப். கிளப் இல்லை என்றால் அந்த ஊரில் அவரை எந்த மனிதன் 'அண்ணே' என்று கூப்பிடப்போகிறான்?

"செத்த கடைக்குக் காவல் காக்கறீங்களே, எதுக்கு?" என்று மனைவி கேட்பாள்.

"உனக்குப் புரியாது, விடு."

அந்தச் சனிக்கிழமை மூன்று பேர் சேர்ந்தார்கள். கிளப் தலைவரான சிமெண்ட் கடைக்காரர் மூன்று அட்டைகளை உறையில் போட்டு மேடையில்தான் கொடுத்தார். முதலாமவர் பல் டாக்டர். "பல்லைக் காட்டிப் பேசறவங்களை நிறையப் பாத்திருக்கோம். இவர் பல்லைப் பாத்துப் பேசறவர்!" கைத்தட்டல். இரண்டாமவர் குழாய்க் கடைக்காரர். "நம்ம கிளப்ல எது ஒழுகினாலும் இனி இவர் அடைச்சிருவார்!" அதற்கும் கைத்தட்டல்.

மூன்றாவது அட்டையில் பெயரைப் படித்துவிட்டு நின்றார். அடுத்த வரி: தொழில், மூக்குக்கண்ணாடி விற்பனை. பழைய கவுண்டர்ப் பெண் பக்கவாட்டுப் படியில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"அட்டை மாறி வந்திருச்சு தலைவரே" என்று மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"மாறலண்ணே. நல்லாப் பாத்துப் படிங்க."

"கண்ணாடிக்காரருக்கே கண்ணு தெரியலையாம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"என் கடை இருக்கே. ஷட்டர் திறந்துதானே இருக்கு?"

"ஷட்டர் திறந்திருந்தா கடையாண்ணே? எங்க வீட்டுக் கார் ஷெட்டும்தான் திறந்திருக்கு." அரங்கம் குலுங்கியது. சிமெண்ட்காரர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "எட்டு மாசம் ஆச்சாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள், நீங்க சொல்லிக்குடுத்த பாடம்தான். இன்னிலேருந்து நீங்க கௌரவ உறுப்பினர். பலமா ஒரு தட்டு தட்டுங்கப்பா!"

தட்டினார்கள். அவர் தொழிலையும் படித்து முடித்தார். பேட்ஜ் வைக்கும் தாம்பாளம் காலியாக இருந்தது.

"ரெண்டுதான் வாங்கினோம். மூணாவது உங்க கோட்டுலயே இருக்கேண்ணே" என்றார் சிமெண்ட்காரர்.

பெண் உறுப்பினர் என்பதால் மனைவி மேடைக்கு வந்திருந்தாள். தன் கோட்டிலிருந்து பேட்ஜைக் கழற்றப் பார்த்த அவர் விரலுக்கு ஊசியின் கொக்கி அகப்படவில்லை. நழுவிக்கொண்டே இருந்தது. மனைவி அவர் கையை விலக்கிவிட்டு, தானே கழற்றி, அந்தப் பெண்ணின் தோளருகே நேராகக் குத்தினாள். கோட்டு நூல் ஒன்று பேட்ஜோடு போயிருந்தது. அதையும் பிய்த்துப் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். சிரிக்கவில்லை. அழுதுவிடுகிறவள் போலவும் இல்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும். பதினேழு வருடமாக அந்த இடத்தில் நின்று சொன்னதுதான் வாயில் வந்தது. "வாங்கண்ணே."

"அண்ணேயாம்! அந்தம்மாவையும் அண்ணே ஆக்கிட்டாரு!" சிரித்துச் சிரித்துப் பல் டாக்டருக்குப் புரையேறிவிட்டது.

ஆட்டோவில் வரும்போது, "யாரு சொல்லியிருப்பா அவங்ககிட்ட?" என்றார்.

"நான்தான். கடை நடக்குதான்னு போன் பண்ணிக் கேட்டாங்க. இல்லைன்னேன்."

"நடக்குதுன்னு சொன்னா என்ன குறைஞ்சிருக்கும் உனக்கு?"

"எட்டு மாசமா அக்கம்பக்கத்துல, எங்க அக்காகிட்ட, மருமகன்கிட்டன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அலுத்துப்போச்சுங்க."

வீடு வரும்வரை ஆட்டோக்காரன் மட்டும் யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினான்.

அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் சிமெண்ட்காரர் கூப்பிட்டார். "வாசல் வெறிச்சுன்னு கிடந்தா நல்லாவா இருக்கு? நீங்க வந்து நின்னாப் போதும்ண்ணே. உள்ள உக்காரணும்னுகூட இல்ல."

"போனீங்கன்னா மரியாதை இருக்காது" என்றாள் மனைவி.

"வாசல்ல நிக்கறதுக்கு என்ன மரியாதை வேணும்?" என்று கோட்டை எடுத்து உதறினார்.

அன்று மழை. புதிதாகச் சேரப்போகிற ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பேட்ஜ் இல்லாத கோட்டைப் பார்த்தார். நீட்டிய கையைக் குலுக்காமல் அதில் சாவியை வைத்தார். "வண்டியைக் கூரைக்கு அடியில போட்டுருங்க."

"சரிங்கண்ணே" என்றார் இவர். இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைப் பிடித்தபடி போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். கோட்டு நனைந்து தொங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கடைப் பெண் குடையோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கி, காரை ஓட்டிக் கூரைக்கு அடியில் விட்டு, சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அவர் வெளிய வரும்போது நீங்களே குடுத்துருங்க சார்."

"ம்."

"ரொம்ப நனைஞ்சிட்டீங்களே. உள்ள வந்து நில்லுங்க."

"இல்லம்மா. இன்னும் ரெண்டு பேர் வரணும்."

வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்து கூட்டம் தொடங்கியாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும். அவள் இன்னொரு முறை கூப்பிடவில்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாரல் அடிக்கிறது என்று யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்தினார்கள்.