வண்டிக்கு அடியில் ஒரு கரகரப்பு

சாரல் தொடங்கிய வாரத்தில், ரம்புட்டான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். ஒரு வளைவு முடிந்து, சற்றே சமமான இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், கால்மாட்டில் எங்கோ ஆட்டுரலுக்குள் சரளைக்கல் விழுந்துவிட்டது போலக் கரகரவென்று அரைத்தது. காலை எடுத்தேன், அடங்கியது. மறுபடி மிதித்தேன், மறுபடி வந்தது.

குற்றாலத்துக்கு மேலே மலையில் இருக்கும் பழத்தோட்டங்களுக்கு வண்டி ஓட்டுவதுதான் என் பிழைப்பு. மேலே போகும்போது உரமும் அரிசியும் கேஸ் சிலிண்டரும். கீழே வரும்போது மங்குஸ்தான், ரம்புட்டான், கிராம்பு. அந்தப் பாதையில் சாதாரண வண்டி ஏறாது. என்னுடையது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய பிக்கப். கியர் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைத் தடி இருக்கும். அதைத் தள்ளினால் முன் சக்கரங்களும் வேலையில் இறங்கிவிடும். சேறோ பாறையோ, வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும்.

அன்றைக்கு என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. பள்ளிப் படிப்பு முடிகிற வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, உயிரை மட்டும் விட்டுவைத்து இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு போகவில்லை. கொஞ்சம் உரக்க, ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவாள். எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். ஓட்டும்போது நான் முகத்தைத் திருப்ப முடியாது என்பதால் வண்டிக்குள் கூடுதலாக ஒரு கண்ணாடியை மாட்டியிருக்கிறோம். அதில் என் வாயைப் பார்த்துக்கொண்டே மலை முழுக்கப் பேசிக்கொண்டு வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியில் என்னோடு ஏறி இறங்குகிறவள் அவள்தான். பெட்டி அடுக்குவதும் கயிறு கட்டுவதும் அவள் கையால்தான் நடக்கும்.

மறுநாள் காலையில் வண்டியைத் தென்காசிக்குக் கொண்டுபோனேன். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். பட்டாளத்தில் வண்டிப் பிரிவில் இருந்தவர். பனிமலையில் லாரிகளைப் பிரித்து மாட்டிய கை. அவரே ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"முன்னாடி இருந்துல்லா வருது, தம்பி. முன் ஆக்ஸில் கிரவுன் பல்லு போயிருக்கும்னு நெனைக்கேன். தெறந்து பாப்போம்."

முன் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்த ஒரு இரும்பு உருண்டை உண்டு. அதன் மூடியைக் கழற்றினார்கள். எண்ணெய் வடிந்ததும் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம், அதோடு கோத்து நின்ற சின்னப் பல்சக்கரம். பற்கள் நேராக இல்லை, சங்கின் வரியைப் போலச் சுழித்து வளைந்திருந்தன. அத்தனை வருடம் ஓடியும் ஒவ்வொரு பல்லின் முகமும் கண்ணாடியாக மின்னியது. கையால் ஒன்றை மெல்லத் திருப்பினேன். ஒரு பல் விலகும் முன்பே அடுத்த பல் வந்து பாரத்தை வாங்கிக்கொண்டது. இடைவெளியே இல்லை. நான் பாறைமேல் ஏற்றிய ஒவ்வொரு நாளும், வெளிச்சமே படாமல், எண்ணெயில் மூழ்கியபடி இது இப்படித்தான் சுழன்றுகொண்டிருந்தது என்று நினைத்தபடி இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

"பல்லுல ஒரு கீறல் கெடையாது. நான் சொன்னது தப்பு" என்றார் அண்ணாச்சி, மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே.

அவர் அடுத்து முறையாகப் போனார். நாலு சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஓட்டி, கியர் போட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. பாரம் ஏறினால்தான் அது வாயைத் திறக்கும் என்று தெரிந்தது. பிறகு முன் சக்கரங்களுக்குப் போகும் நீளமான சுழல்தண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ரோட்டில் ஓட்டினார். சத்தம் அப்படியே இருந்தது.

"அப்போ முன்பக்கம் கழிஞ்சிட்டு. மிச்சம் இருக்கது கியர் பாக்ஸு, அதுக்குப் பின்னால டிரான்ஸ்பர் பெட்டி, நடு பேரிங், பின் ஆக்ஸில். நாலுல ஒண்ணு."

"பெறவு ஏன் முன்னாடி இருந்து கேக்குது, அண்ணாச்சி?"

"சேஸிஸ் முழுக்க ஒரே இரும்பு தம்பி. வால்ல தட்டினா தலையில கேக்கும். சத்தத்தை நம்ப முடியாது."

நாலையும் ஒவ்வொன்றாகத் திறப்பது என்றால் சீசன் போய்விடும். தோட்டத்தில் பழம் மரத்திலேயே வெடித்துவிடும். வண்டி பாரத்தோடு ஓடும்போதே எங்கிருந்து வருகிறது என்று பிடித்தாக வேண்டும். அதற்காகச் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் பக்கம் நேரான ரோட்டுக்குப் போனோம். அன்றைக்கு மனைவியும் வந்திருந்தாள். வண்டி நிற்கிற நாளில் வீட்டில் இருக்க அவளுக்குப் பிடிக்காது.

அண்ணாச்சி பின்னால் ஏறி, மூட்டைகளுக்கு நடுவில் குந்தி, ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையைத் தரைத் தகட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். ஆனால் சாரல் காலத்துக் காற்றை யாரும் ஏமாற்ற முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அன்றைக்கு வயலில் நின்ற சூரியகாந்தியையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. மூன்று முறை போய் வந்தோம். இறங்கியவர் காதைத் தேய்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"காத்து இரைச்சல்தான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "நான் ஏறிப் பாக்கட்டா?" என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் அதற்குள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். மூட்டைகளுக்கு இடையில் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தகட்டின்மேல் விரித்து வைத்தாள். "மெதுவாப் போங்க, பெறவு வேகமா" என்றாள்.

அண்ணாச்சி என் பக்கத்தில் ஏறி, பின் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மிதித்தேன். கரகரப்பு வந்தது. அவள் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துக்கொண்டே போனாள். ஒருமுறை கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டு நிறுத்தினேன்.

"இங்கன" என்றாள். ஒரு செங்கல் துண்டால் தகட்டில் வட்டம் போட்டிருந்தாள். எங்கள் சீட்டுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, நட்டநடுவில். "மத்த எடத்துல எல்லாம் சும்மா அதிருது. இங்கன மட்டும் நொண்டுது."

"நொண்டுதுன்னா எப்படிம்மா?" என்று அண்ணாச்சி அவள் முகத்துக்கு நேரே கேட்டார்.

"கால் சுளுக்கினவங்க நடப்பாங்கள்ல, அது மாதிரி. ஒரு சுத்துக்கு ஒருக்கா எதுலயோ தடுக்கி, பெறவு ஓடுது."

அண்ணாச்சி ரோட்டிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். மேலே வட்டத்தின்மேல் என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். கீழிருந்து அதே இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே வந்தார். வட்டத்துக்கு நேர் கீழே டிரான்ஸ்பர் பெட்டியின் பின்முனை இருந்தது. இன்ஜினின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதிலிருந்து பின் சக்கரங்களுக்குத் தண்டு வெளியேறும் வாசல்.

அவர் உடனே நம்பிவிடவில்லை. என்னிடம் திரும்பி, "நீ உன் இஷ்டத்துக்கு மிதி, விடு, மிதி. அவ உன் காலைப் பாக்க முடியாது. சத்தம் வாரப்பல்லாம் கையைத் தூக்கச் சொல்லு" என்றார். அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

அந்த ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். மிதித்தேன், அவள் வலது கை உயர்ந்தது. விட்டேன், கை இறங்கியது. குழப்ப வேண்டும் என்றே சட்டென்று விட்டு உடனே மிதித்தேன். கை இறங்கப் பார்த்து, பாதியில் மேலே போயிற்று. என் காதுக்குச் சத்தம் வந்து சேர்வதற்கும் அவள் கை எழுவதற்கும் நடுவில் நேரமே இருக்கவில்லை. சில தடவை கைதான் முந்தியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். காற்றில் கூந்தல் பிய்த்துக்கொண்டு பறந்தது. மூட்டைகளின் நடுவே முழங்காலில் இருந்தவளைக் கண்ணாடியில் பார்த்தபோது, இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோமோ என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணாச்சியும் பின் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டறை வரும்வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் கறுப்பாக இறங்கவில்லை. கோலப்பொடியில் ஜிகினா கலந்தது போல மினுமினுத்துக்கொண்டு இறங்கியது. இரும்புத் தூள். பின்வாசல் மூடியை எடுத்ததும் பேரிங் தெரிந்தது. குண்டுகளை வரிசையில் பிடித்திருக்கும் தகட்டு வளையம் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒரு குண்டில் மட்டும், அம்மைத் தழும்பு மாதிரி, ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் கீழே வருகிற ஒவ்வொரு முறையும்தான் அவள் சொன்ன நொண்டல்.

அண்ணாச்சி அந்தக் குண்டைப் பழந்துணியில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

"இதை வச்சுக்கிட்டா பாரத்தோட மலை எறங்கினிய?" என்றார். "வளையம் முழுசா விட்டிருந்தா தண்டு பூட்டிக்கிடும். பின் சக்கரம் ரெண்டும் அப்படியே நின்னு போவும். அந்தக் கொண்டை ஊசி வளைவுல..." முடிக்காமல் குண்டை என் கையில் வைத்தார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் மேல்தான் நாங்களும், பெட்டிகளும், தோட்டத்து ஆட்களும் அத்தனை நாள் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அவளிடம் காட்டினேன். விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதானா, பாவம்" என்றாள்.

"உனக்கு எப்பம் இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மாம்பழ சீசன்லயே தெரியுமே."

"மாம்பழ சீசன்லயா? ஏன் சொல்லல?"

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "என் காலுக்கே தெரியுதே, காது இருக்கவியளுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லாம ஓட்டினதால சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சத்தமாக வந்து சேர்வதற்கு எத்தனையோ வாரம் முன்பே அவள் பாதத்தில் அது வந்திருக்கிறது. காதுக்கு எட்டாத இன்னொரு வண்டியே எங்களோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவள் மட்டும்தான் அறிந்திருந்தாள்.

புதுப் பேரிங் மதுரையிலிருந்து வந்தது. மாட்டிய அன்று அவளே பின்னால் ஏறி உட்கார்ந்து, மேலகரத்தில் எங்கள் வீடு வரைக்கும் வந்தாள். இறங்கும்போது அவள் சொன்னது, "இப்பம் வெண்ணெய் மாதிரி இருக்கு." அவள் உள்ளே போனதும் நான் யாருக்கும் தெரியாமல் இன்ஜினை ஓடவிட்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, அதே இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. அவ்வளவுதான். எது இன்ஜின், எது காற்று, எது என் கை நடுக்கம் என்று கூடப் பிரிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் பட்டறைக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தபோது கீழப்பாவூரிலிருந்து வந்த ஒரு டிராக்டர் நின்றது. அதிலும் ஏதோ அரைக்கிற சத்தம். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு என் மனைவியிடம் வந்தார்.

"எம்மா, ஒருக்கா கைய வச்சுச் சொல்லுதியா?" கேலி இல்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கக் கேட்பது போல அப்படி ஒரு மரியாதை குரலில்.

டிராக்டரை ஓடவிட்டார்கள். அவள் அதன் உடம்பில் கையை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். வெகு நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியலண்ணாச்சி. இதோட நான் இருந்ததில்லையே. இது நல்லா இருக்கப்ப எப்படி இருக்கும்னு தெரிஞ்சால்லா, இப்பம் எங்க கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியும்."

அண்ணாச்சி டிராக்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிராக்டருக்கு அடியில் போனார். நாங்கள் தோட்டத்துக்குக் கிளம்பினோம். மலைமேல் மழை பிடித்திருந்தது. அடிவாரத்தில் குட்டைத் தடியைத் தள்ளினேன். முன் சக்கரங்கள் பிடித்துக்கொள்கிற அந்த மெல்லிய உதறலை நான் உணர்வதற்குள், அவள் "ம், கியர் விழுந்திட்டு, போங்க" என்றாள்.