தேய்த்துத் தேய்ந்த பானெட்

பட்டறையில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர். தேய்ப்பது தொழில் என்பதால் பாதி, நாக்கும் அப்படித்தான் என்பதால் மீதி. பெயிண்ட் அடித்துக் காய்ந்த காரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேடு எடுத்து, மெருகேற்றி, சொந்தக்காரன் வந்து அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொள்கிற அளவுக்குக் கொண்டுவருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் செய்தாள். வலது மணிக்கட்டு மரத்துப்போய், பிடித்த டம்ளர் தானாக நழுவ ஆரம்பித்த பிறகுதான் விட்டாள். விட்டுவிட்டு அக்கா வீட்டு மாடியில் இருந்த ஒற்றை அறைக்குக் குடிவந்தாள்.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் நேர் கீழே வாசல், சிமெண்ட் போட்ட திறந்தவெளி. அங்கேதான் மாமாவின் கறுப்புக் கார் நிற்கும். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும், திறந்தால் வயிறு எரியும்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், ஒரு குடோனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் அவரை மேனேஜர் என்பார்கள். ஒரு நாளும் அவர் மேனேஜராக இருந்ததில்லை. யாரோ ஒருத்தர் தவறுதலாக அப்படிக் கூப்பிட்டபோது திருத்தவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற மாதமே கார் வாங்கினார். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அதுதான். தானும் உருப்படியாக ஓட்டமாட்டார், மற்றவரையும் தொடவிடமாட்டார். வானம் லேசாகக் கறுத்தால் கார் வெளியே வராது. மண் ரோடு என்றால் வராது. பறவைகள் உட்காருகிற மரம் இருந்தால் அந்தத் தெருவுக்கே வராது. உள்ளே ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றி, அதற்கென்றே அவர் வைத்திருக்கும் பையில் போட வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். வாரத்துக்கு இரண்டு முறை, தைத்த உடுப்பை மூட்டையாகக் கட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பஸ் ஏறுவாள். கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டியவள் அவள். லைசென்ஸ் இன்னும் பீரோவில் இருக்கிறது. "துணியில பஞ்சு பறக்கும், சீட்டெல்லாம் வீணாப் போயிடும்" என்று ஒரே வரியில் மாமா கார் தருகிற பேச்சை முடித்திருந்தார். அக்காவும் சண்டைக்கு நிற்கவில்லை. மூட்டையோடு அவள் பளபளக்கும் காரைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போவதை மாடியிலிருந்து பார்க்கும்போது உப்புத்தாளுக்கு யார்மீது கோபம் அதிகம் என்று சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காருக்குக் குளியல். காலையில் செய்தால் புண்ணியம் உண்டு. மாமா பேப்பர் படித்து, சாப்பிட்டு, பதினொரு மணிக்கு வெயில் உச்சிக்கு ஏறி, பானெட் தோசைக்கல்லாகச் சுடும் நேரத்தில் இறங்கி வருவார். ஒரே ஒரு வாளி. அதில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு. மண்ணோடு துணியை முக்குவார், அதே மண்ணோடு எடுத்துத் தேய்ப்பார். கை தவறித் துணி தரையில் விழுந்தால் ஒரு உதறு உதறி மறுபடி காரின் மேல் வைப்பார். வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். சோப்புத் தண்ணீர் அலசுவதற்கு முன்னாலேயே வெயிலில் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டு போவதற்கு இன்னும் அழுத்தித் தேய்ப்பார். கடைசியில் தூசி படிந்த உறையை எடுத்து மேலே போர்த்தி இழுத்துவிடுவார். நான்கு வருடத்தில் அந்தக் கறுப்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நுண்கீறல். வெயிலில் பார்த்தால் மினுமினுக்கும். அதைத்தான் அவர் பளபளப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு முறை அவள் கீழே இறங்கிச் சொன்னாள்.

"மாமா, ரெண்டு வாளி வைங்க. ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல துணிய அலச. மண்ண வெச்சே தேய்ச்சா பெயிண்ட் கீறும்."

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பட்டறையில தேய்ச்சது வேறம்மா. அது கூலி வேலை. இது டெக்னிக். நான் தினம் போன்ல பார்த்துக் கத்துக்கறேன்."

கூலி வேலை. அவள் மாடியேறினாள். அன்றிலிருந்து அந்த ஜன்னல் மூடப்படவே இல்லை. ஒரு மனிதன் தன் பொருளைத் தானே கெடுத்துக்கொண்டு அதற்குப் பெருமையும் படுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

எதிர்வீட்டில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரும் புதுக் கார் வாங்கியதும் மாமாவுக்கு மாணவர் கிடைத்துவிட்டார். வாத்தியார் கைகட்டி நிற்பார். மாமா விரலை நீட்டி விளக்குவார். "மெழுகுங்கறது சார், பெயிண்டுக்குச் சாப்பாடு. வாரம் ஒரு தடவை ஊட்டணும்." மேலே உப்புத்தாள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் பெரிய பெட்டி வந்தது. உள்ளே மெருகேற்றும் மெஷின். சுற்றும் தட்டு, அதில் ஒட்டுவதற்குக் கம்பளி வட்டு, இரண்டு பாட்டில் காம்பவுண்டு என்கிற மெருகுக் களிம்பு. மாமா அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து வாசலில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை செய்முறை விளக்கம் என்று வாத்தியாருக்குச் சொல்லியனுப்பினார். வாத்தியார் மனைவியும் வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர். மாமா குடோன் காலத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கார் பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும். பட்டறையில் அதைக் கிளியர் என்பார்கள். தலைமுடி கனம்கூட இருக்காது. அதற்கு அடியில் கறுப்பு, கறுப்புக்கும் அடியில் சாம்பல் நிற அடிப்பூச்சு. பானெட்டின் நடுவில் மடிப்புக் கோடு ஓடுமே, அந்த முதுகில் இன்னும் மெலிசு. மெஷின் பிடிக்கிற எவனும் முதலில் அந்தக் கோட்டுக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பான்.

"மாமா, கோட்டுக்கு டேப் ஒட்டுங்க!" மாடியிலிருந்து அவள் கத்தினாள். இது நல்லெண்ணத்தில் சொன்னதில்லை. தொழில் கூச்சம். காலுக்குக் கீழே கொலை நடந்தால் யாரும் ஒரு சத்தமாவது கொடுப்பார்கள்.

மாமா மேலே பார்த்துச் சிரித்தார், கூட்டத்துக்காக. "பார்த்துக்கிட்டே இரும்மா. கத்துக்கலாம்."

மெஷின் அலறியது. காம்பவுண்டு நாலா பக்கமும் தெறித்து வாத்தியார் சட்டையில் புள்ளி வைத்தது. மாமா உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு, மிகச் சரியாக அந்தக் கோட்டின் மேல், ஒரே இடத்தில் நின்றார். கறுப்பு நடுவில் ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தது. புள்ளி விரலளவானது.

"சார், இது என்ன, வேற கலர்ல வருது?" வாத்தியார் குனிந்து கேட்டார்.

"அழுக்கு சார். நாலு வருஷத்து அழுக்கு. உள்ள இருந்து வெளிய வருது."

அழுக்கை எடுக்க இன்னும் அழுத்தினார். விரல் உள்ளங்கையானது. வாத்தியார் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அழுக்கு மாதிரி இல்லீங்களே. உள்ள இருக்கற பூச்சுல்ல தெரியுது?"

மெஷின் நின்றது. மாமா கையுறையைக் கழற்றினார். "கம்பெனிக்காரன் பெயிண்ட் சரியில்ல" என்றார். "எழுதிப் போடறேன் அவனுக்கு." ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

மூன்று நாள் கார் உறைக்குள் இருந்தது. நாலாவது நாள் மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். அந்த அறைக்கு மாமா வந்ததே இல்லை. வந்தவர் ஜன்னலைப் பார்த்தார், ஸ்டவ்வைப் பார்த்தார்.

"சும்மா வந்தேன். மழை ஒழுகுதான்னு பார்க்க."

"ஒழுகல மாமா."

"ஃபேன் சத்தம் போடுதா?"

"போடல."

அவள் உட்காரச் சொல்லவில்லை. மாமா மென்று விழுங்கினார். அவள் காத்திருந்தாள். தானாக உதவி செய்கிறேன் என்று சொல்லி அவரைக் காப்பாற்றிவிட அவளுக்கு எண்ணமே இல்லை.

"அந்த பானெட்..." என்றார் கடைசியில். "உங்க முதலாளிகிட்ட சொன்னா, வீட்டுக்கே வந்து செஞ்சு தருவாங்களா? பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா எதிர்வீட்டுக்காரர் பார்ப்பாரு."

"நானே செய்யறேன். ஆனா இனிமே அக்கா மூட்டை கார்லதான் போகணும். அக்காதான் ஓட்டும்."

"துணி மூட்டையா? என் கார்லயா?"

"அப்ப சாம்பல் கலர் நல்லாத்தான் இருக்கு மாமா. கறுப்புக்கு எடுப்பா இருக்கு."

மாமாவின் முகம் சுண்டியது. சரி என்று சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

பட்டறை முதலாளி ஸ்ப்ரே துப்பாக்கியும் சின்னக் கம்ப்ரெஸரும் கொடுத்தனுப்பினார். அவள் வாசலில் நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் கட்டினாள். தூசி கிளம்பாமல் தரையை நனைத்தாள். மாமா கம்ப்ரெஸர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் மேல பிடிங்க. அங்க இல்ல. இங்க." அவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் "கூலி வேலை மாமா, உங்களுக்குப் புரியாது" என்றாள். இதை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் இனித்தது.

பானெட் முழுவதையும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினாள். மணிக்கட்டு பாதியிலேயே மரத்துவிட்டது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணாடி, விளக்கு, பக்கவாட்டு எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மூடினாள். சாம்பல் இடத்தில் மெல்ல ஒரு அடிப்பூச்சு, அதன்மேல் கறுப்பு, காய்ந்ததும் பானெட் முழுக்கக் கிளியர். துப்பாக்கியை இழுத்த இழுப்பில் கிளியர் ஈரமாக விரிந்து சமமாக உட்கார்ந்தபோது, வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது. மறுநாள் உட்கார்ந்திருந்த தூசிகளை மெல்லிய தாளால் எடுத்து, கையாலேயே மெருகு கொடுத்தாள். ஷீட்டை அவிழ்த்ததும் பானெட்டில் வானம் அப்படியே இறங்கியிருந்தது. மற்ற பாகமெல்லாம் அதற்குப் பக்கத்தில் கரி துடைத்த துணி மாதிரி தெரிந்தது.

"ஒரு மாசத்துக்கு மெழுகு போடாதீங்க. பெயிண்ட் உள்ளேருந்து காயணும்" என்றாள்.

மாமா தலையாட்டினார். அப்போதுதான் வாத்தியார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பானெட்டின் மேல் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி சார் சரி பண்ணீங்க?"

மாமா தோளைக் குலுக்கினார். "ரெண்டு நாள் உட்கார்ந்தேன். நுணுக்கம் தெரிஞ்சா ஒண்ணுமே இல்ல சார். இவ கூடமாட ஒத்தாசை பண்ணா."

கையில் ஈரத் தாளோடு, விரலெல்லாம் கறுப்பாக, அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் மேல் வந்த அருவருப்பு புதிதில்லை. ஒரு நல்ல வார்த்தைக்காகத் தானும் ஒரு நொடி காத்து நின்றோமே என்பதுதான் உறுத்தியது. இந்த ஆளிடமிருந்தா? தாளைக் கசக்கி வாளியில் போட்டுவிட்டு மாடியேறினாள்.

சாவி விஷயத்தில் மாமா கைவரிசையைக் காட்டினார். முதல் தடவை பேட்டரி சரியில்லை என்றார். அடுத்த தடவை டயரில் காற்று இல்லை. மூன்றாவது தடவை அக்கா அவரைக் கேட்கவே இல்லை. பீரோவிலிருந்து லைசென்ஸை எடுத்தாள், ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள், மூட்டைகளைப் பின் சீட்டில் போட்டாள். செருப்போடு ஏறினாள். மாமா துணியும் கையுமாகக் கேட் வரை பின்னாலேயே ஓடினார். "ரிவர்ஸ் பார்த்து! கிளட்ச் மெதுவா விடு!" அக்கா ஒரே திருப்பில் வெளியே எடுத்து, ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனாள். ஜன்னலில் நின்றிருந்த உப்புத்தாள் தன்னை அறியாமல் விசில் அடித்துவிட்டாள்.

இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரி கேட்டில் இடது பக்கக் கதவு உரசியது. ஒரு முழம் நீளக் கீறல். மாமா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். கண் கலங்கியிருந்தது. அக்கா மூட்டையோடு மழையில் நனைந்து வந்த நாளில்கூட அந்தக் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"கீறல்தானே? கார் ஓடுதுல்ல?" என்று சொல்லிவிட்டு அக்கா காலி மூட்டைத் துணிகளை உதறினாள். பஞ்சு பறந்தது.

மாமா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். உப்புத்தாளும் பார்த்தாள். அவர் கேட்பார் என்று தெரியும். பரிதாபம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"கை மரத்துப் போச்சு மாமா" என்றாள்.

இப்போது மாமா காரை வேறு மாதிரி நிறுத்துகிறார். இடது பக்கம் சுவரை ஒட்டி, வலது பக்கம் எதிர்வீட்டைப் பார்த்து. அக்கா ஓட்டிவிட்டு வந்து எப்படி நிறுத்தினாலும், அவர் இறங்கிப்போய்த் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, உச்சி வெயிலில், ஒரே வாளியோடு, அந்த வலது பக்கத்தை மட்டும் தேய்க்கிறார். வாத்தியார் கைகட்டி நின்று கேட்டுக்கொள்கிறார்.