நீல மீனும் அண்ணியும்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் முதல் மீன் செத்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கேளம்பாக்கத்தில் அவருக்கும் அவர் கணவருக்கும் சொந்த வீடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து திரும்பியபோது, சூட்கேஸும் இரண்டு கட்டைப்பைகளுமாக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். ஏன் என்று என் கணவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்லவில்லை. இருவரும் பால்கனியில் நின்று தணிந்த குரலில் பேசுவார்கள். துணி காயப்போட நான் போனால் பேச்சு தண்ணீர் லாரிக்கு மாறிவிடும்.

அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். கணவர் காலை ஏழு மணிக்கே கம்பெனி பஸ் பிடித்துவிடுவார். பகல் முழுக்க வீட்டில் இருந்தது அண்ணியும் எட்டு மீன்களும்தான்.

மீன்கள் அவர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு வாங்கியவை. தங்கமீன் வாங்கத்தான் போனோம். கடைக்காரர் விடவில்லை.

"போர் தண்ணி உப்பா கீதுன்றீங்க, அதுல கோல்டுஃபிஷ் பேஜாரு சார். இத எடுங்க, சிக்லிட். ஆப்பிரிக்கா மீனு. நம்ம ஏரியில புடிக்கிற ஜிலேபிக்கு சொந்தக்காரன்."

"சண்டை போடுமா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு மூணு வுட்டாதான் சண்டை, அக்கா. எட்டா வுடுங்க. யாரத் தொரத்துறதுன்னே தெரியாம கம்முனு இருந்துக்கும்."

தொட்டி இரண்டடிதான். மஞ்சளில் மூன்று, வெள்ளையில் நான்கு, கறுப்புப் பட்டை போட்ட நீலம் ஒன்று. மூலைகளில் கருங்கல் துண்டுகளை அடுக்கி வைத்தோம். இரண்டு மாதம் துரத்தலும் ஓட்டமுமாக இருந்தாலும் ஒன்றும் சாகவில்லை.

முதலில் செத்த மஞ்சளுக்கு வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. தொட்டியைக் கழுவிக் கற்களை மறுபடி அடுக்கினேன். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து வந்து பெருக்கும்போது, டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மீன் காய்ந்து கருவாடாகக் கிடந்தது. தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டு. யாரும் திறக்காமல் மீன் எப்படி வெளியே வரும்?

"எனக்குத் தெரியலையேம்மா" என்றார் அண்ணி. சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குத் தப்பாகவே பட்டது. மஞ்சள்தூள் டப்பா இடம் மாறியிருந்தால், போன் ரிசீவர் சற்றுக் கோணலாக இருந்தால், பாத்ரூம் வாளி நிறைந்திருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தேடினேன். மீன் வாடை பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் தீர்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு, என்னைத்தான் பிடிக்கவில்லை, அதை மீனிடம் காட்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கற்கள் நான் வைத்த மாதிரி இல்லை என்று தோன்றியது. மறுநாள் கிளம்புமுன் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கற்கள் இருந்த நிலையை அப்படியே படம் வரைந்துகொண்டேன். சாயங்காலம் வந்து ஒப்பிட்டால், இடதுமூலைக் கல் நடுவில் இருந்தது. அடுத்த நாளும் வேறு மாதிரி இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "தொட்டியில யாரோ கை வைக்கிறாங்க போல" என்றேன்.

"மீனே மண்ணத் தோண்டும், கல்லு சரியும்" என்றார் கணவர்.

அண்ணி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். மறுக்கவில்லை. எனக்கு அது போதும். அறைக்குள் வந்ததும், "உங்க அக்கா வந்ததுலேர்ந்துதான் இதெல்லாம்" என்றேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அண்ணி பசியில்லை என்று எங்களோடு உட்காருவதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே ஒரு நாள் மழைக்காகப் பள்ளியைப் பதினோரு மணிக்கு விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டே வந்து என்னிடமிருந்த சாவியால் சத்தமில்லாமல் திறந்தேன். வேண்டுமென்றேதான். அண்ணி முக்காலியில் ஏறி, முழங்கைக்கு மேல் வரை கையைத் தொட்டிக்குள் விட்டிருந்தார்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

அவர் கையை எடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் இரும்மா. இந்தக் கல்ல மட்டும் வெச்சிடறேன்."

வைத்து முடித்து, மூடியைப் பொருத்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"இந்த நீலம் இருக்குல்ல, அந்த மூலையப் புடிச்சிக்கிச்சுன்னா தொட்டி பூரா அதுக்குத்தான். மத்ததுங்கள மூச்சு விட விடாது. கல்ல மாத்தி வெச்சா அதுக்கு இடம் தெரியாமப் போயிடுது. அரை நாள் எல்லாம் நிம்மதியா மேயுதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நீ தொட்டியக் கழுவிக் கல்ல வேற மாதிரி அடுக்கினே. அன்னிக்குச் சண்டையே இல்ல. பார்த்துக்கிட்டே இருந்தேன். பகல்ல எனக்கு வேற என்ன வேலை?"

நான் உடனே நம்பிவிடவில்லை. ஈரப் புடவையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீலம் மூலைக்கு மூலை போய்த் திரும்பியது, எங்கும் தங்கவில்லை. ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை மீன் ஒன்று மெல்ல வெளியே வந்து நடுத்தொட்டியில் மண்ணைக் கொத்தியது. அதை யாரும் துரத்தவில்லை. கிழிந்த வாலும் நகர்ந்த கற்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

"கீழ விழுந்துச்சே, அந்த மீன் மட்டும் என் தப்பு" என்றார் அண்ணி. "மூடியச் சரியா மூடல. துரத்துன வேகத்துல துள்ளி விழுந்திருக்கு. சொல்லப் பயமா இருந்துச்சு."

"யார்கிட்ட பயம்?"

"உன்கிட்டதான்."

அவர் காபி போடப் போய்விட்டார். நான் புடவை மாற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும்" என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டதற்கு ஷூவைக் கழற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். இன்றுவரை எனக்கு அந்தப் பதில் வரவில்லை.

நீலத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "இவன் போனா இன்னொருத்தன் வருவான்க்கா" என்றார் கடைக்காரர். பத்து நாளில் ஒரு மஞ்சள் மீன் இடதுமூலையைப் பிடித்துக்கொண்டது. அதுவரை எல்லோரிடமும் அடி வாங்கிக்கொண்டிருந்த மஞ்சள் அது. அண்ணியும் நானும் முறை வைத்துக் கற்களை மாற்றினோம். அப்படி ஒரு பகலில்தான் கேளம்பாக்கத்திலிருந்து ஏன் வந்தார் என்பதை அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. அதை இங்கே எழுதப்போவதுமில்லை.

இரண்டு மாதம் கழித்து மேடவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவருக்கு வார்டன் வேலை கிடைத்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். செம்பாக்கம் தாண்டும் வரை, மன்னிச்சிடுங்க அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில், விடுதியில் சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

"சுமாரா இருக்கும்னு சொன்னாங்க" என்றார் அண்ணி, வெளியே பார்த்துக்கொண்டே.