பாதி எல்ஃபின் தாத்தா

மாமா கொண்டுவந்த பகடைக்கு இருபது முகங்கள். எனக்கு அப்போது பத்து வயது, விளாங்குடியில் குடியிருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாகமலை புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா வீட்டிலிருந்து எங்களைப் பார்க்க வந்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், காட்டில் வேலை இருக்கும் என்பாள் அம்மா. அப்பாவை நான் அத்தா என்பேன். பெருநாளுக்கு டவுனில் இருந்த அத்தாவின் பெற்றோர் வீட்டில் உறவுக் கூட்டம் நிரம்பி வழியும். அதனால் எனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை.

மாமாவும் நண்பர்களும் ஆடிய விளையாட்டில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் போக வேண்டும். வேடம் யார், எந்தக் குடும்பம் என்று முதலில் ஒரு தாளில் நிரப்ப வேண்டும். எல்ஃப் என்பது நீண்ட காதும் எழுநூறு வயது ஆயுளும் உள்ள ஓர் இனம் என்றார் மாமா. அம்மா எல்ஃப், அப்பா மனிதர் என்றால் பிள்ளை பாதி எல்ஃப். எனக்கு அதுதான் பிடித்தது. அதுவும் கோட்டை உள்ள பிரபு குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப கோட்டை அவ தாத்தாவோடது" என்றார் மாமா.

"அவ அங்கதான் இருக்காளா?"

மாமா பகடையை உருட்டினார். "இல்ல பாப்பா. அவ அம்மா மனுசரக் கட்டிக்கிட்டதுல தாத்தாவுக்குக் கோவம். அவளப் பாத்ததே இல்ல."

"அவ என்ன செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல."

எனக்கு அது பொருந்தவே இல்லை. ஒன்றும் செய்யாத பேத்தியைத் தாத்தா பார்க்காமலிருக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும். 'தாத்தா இறந்துவிட்டார்' என்று எழுதினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து பார்த்தாள்.

"அப்படியெல்லாம் எழுதாத" என்றாள்.

மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடுதிக்குப் போகாமல் உசிலம்பட்டிக்கு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாள் திரும்பி வந்தது. 'இறந்துவிட்டார்' என்பதை யாரோ நீலப் பேனாவால் அடித்திருந்தார்கள். கீழே கோணல் எழுத்தில், 'இருக்கிறார். மூட்டு வலி. பஸ் ஏற முடியவில்லை' என்று இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "பிரபு எதுக்கு மாமா பஸ்ல ஏறணும்? எல்ஃபுக்கு மூட்டு வலி வருமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் படித்தாள். மூன்றே வரியை இவ்வளவு நேரம் படிப்பார்களா என்று எனக்குத் தோன்றியது. திருப்பிக் கேட்டேன், கொடுக்கவில்லை. மாமா எனக்குப் புதுத் தாள் ஒன்று தந்தார்.

அம்மா அத்தாவின் கடைக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் கடைய அடைச்சிட்டு வாறீகளா? மூணு பேருமா ஊருக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று அத்தாவிடம் சொன்னாள்.

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எழுநூறு வயது வாழ்கிறவர்களுக்கு எத்தனையாவது வயதில் மூட்டு வலி தொடங்கும் என்று மாமாவைக் குடைந்துகொண்டிருந்தேன்.